கறுப்பு தெளியும் நேரம்

"பைக் ஓட்டத்தான். வெயில்ல கறுத்து, நிழல்ல தானா தெளியணும். இந்த மாடலையே குடுங்க," என்றார் வந்தவர்.

மூக்குக்கண்ணாடிக் கடை விற்பனையாளன் குரலைத் தாழ்த்தினான். "இது வேணாம் சார். சுரங்கப்பாதைக்குள்ள போனா தெளிய ரெண்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கும்மிருட்டுதான்."

"விலை ஜாஸ்தியா இருக்கிறதை என் தலையில கட்டப் பாக்குறீங்க."

"சத்தியமா இல்ல சார்! நானே இதைப் போட்டுட்டுத்தான் ஓட்டினேன்."

"அப்புறம்?"

"போன செவ்வாக்கிழமை ஸ்டேஷன் சுரங்கப்பாதையில எது மேலயோ இடிச்சிட்டேன். கண்ணாடி எகிறி விழுந்துடுச்சு."

"எது மேல?"

"நாயா இருக்கும். பயத்துல நிக்காம வந்துட்டேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க."

வந்தவர் சட்டைப் பையிலிருந்து, கண்ணாடியில் காதுக்கு மாட்டும் பகுதி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாதியில் ஒடிந்திருந்தது. அதில் அதே மாடல் எண்.

"இதை வாங்கினது யாருன்னு ஒரு வாரமா கடை கடையா ஏறி இறங்குறேன். நாய் இல்ல தம்பி. என் சம்சாரம். இன்னும் கண்ணைத் திறக்கல."