நல்ல ரத்தம்

"சார், டிரைவர் அண்ணனோட ரத்தத்துல காசநோய் இருக்குன்னு சிப் காட்டுது."

பேராசிரியர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர் ரத்தத்தை எதுக்கும்மா வெச்சோம்? நோயில்லாத ரத்தம் எப்படி இருக்கும்னு காட்டத்தானே? அதுலயே நோய் தெரிஞ்சா சிப்லதான் கோளாறு."

"மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துட்டேன் சார். மத்தவங்க ரத்தமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."

அந்த சிப்புக்காக ஆராய்ச்சி மாணவி உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள். கண்ணாடித் துண்டின் மேல் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டு வெளிச்சம் பாய்ச்சினால், கிருமியின் சுவடு துளி இருந்தாலும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் கண்ணாடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருமல் வருவதற்கு முன்னாலேயே பிடித்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமையே.

சோதித்துப் பார்க்க ஆய்வகத்தில் எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள், பேராசிரியரின் கார் டிரைவர் உட்பட. டியூபில் 'நல்ல ரத்தம்' என்று எழுதி ஒட்டியபோது டிரைவர் சிரித்தார். "என் வீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லிடாதீங்கம்மா, சண்டைக்கு வருவா" என்றார்.

"தங்கம் கட்டி தட்டியிருக்கும்" என்றார் பேராசிரியர்.

"கட்டி தட்டினா கரைசல் நீலமாயிடும் சார். நான் பூசினது நல்ல சிவப்பு."

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. நல்ல ரத்தத்துல நோய் காட்டுற சிப்பை எவன் வாங்குவான்? அந்த ஒரு புள்ளியை கிராஃப்ல இருந்து தூக்கிடு."

"அண்ணன்கிட்டயாவது சொல்லிடலாமா சார்? வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரையிலயே சரியாயிடும்."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "அரைகுறை மெஷினை நம்பி ஒரு மனுஷன் வயித்துல புளியைக் கரைக்கலாமா? பாவம், சோறு தண்ணி இறங்குமா அவருக்கு? நீ வாயைத் திறக்காதே."

அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது நமக்குத் தோணலையே, சாருக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள். புள்ளியைத் தூக்கினாள்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். வாசல்வரை கூடவே வந்தவள் பார்த்தாள், கார் பக்கத்தில் யாரோ புது ஆள் நின்றிருந்தார்.

"டிரைவர் அண்ணன் லீவா சார்?"

"நிறுத்திட்டேன்மா. வண்டி ஓட்டுறது சரியில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அவர் நல்லாத்தானே ஓட்டுவார்?"

"ஓட்டுவார். ஆனா என் பேரன் தினம் அந்த ஆள் பக்கத்துல உட்கார்ந்துதானே ஸ்கூலுக்குப் போறான்."

"சிப்ல கோளாறுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பேராசிரியர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

"நம்ம சிப் எங்கேம்மா பொய் சொல்லப் போகுது?"