நகர்ந்து கொடுத்த வெள்ளி

காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ளே, முன்னொரு நாளில், வெள்ளித் துகள் அக்காவும் தம்பியும் ஆவியாய்ப் பறந்து வந்தார்களாம். கீழே குளிர்ந்து கிடந்த தகட்டில் இறங்கி, தம்பியோடு ஒட்டி ஒரே வெள்ளியாகிவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை.

பக்கத்தில் பக்கத்தில்தான் இறங்கினார்கள். அவர்கள் ஒட்டுவதற்குள் பிளாஸ்டிக் ஆவி வந்து சேர்ந்தது.

"மின்னிக்கிட்டே நின்னா போதுமாக்கா? எனக்கும் கால் வைக்க இடம் வேணுமில்ல, கொஞ்சம் நகந்துக்கோங்க."

பாவமே என்று அக்கா நகர்ந்தாள். பிளாஸ்டிக்குக்குத் தனியாக இருக்கத் தெரியாது. இறங்கியதுமே, பின்னால் வந்த தன் சனம் முழுவதோடும் கைகோத்துக்கொண்டு அக்காவைச் சுற்றி இறுகிப்போனது.

"விடு, நான் தம்பிகிட்டப் போகணும்."

"எதுக்குக்கா? அதான் நாங்க இத்தனை பேர் இருக்கோமே!" என்று அது ஆசையாக இன்னும் இறுக்கியது.

மயிரிழை தூரத்தில் தம்பி தெரிந்தான். "அக்கா, வா," என்றான். அவளால் அசையக்கூட முடியவில்லை.

ஆய்வுக்கூடத்துச் செண்பகம் கூண்டைத் திறந்து தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடடா! ஒரு வெள்ளித் துகள்கூட இன்னொண்ணோட ஒட்டல. இதுக்குத்தானே பிளாஸ்டிக்கையும் சேத்து அனுப்பினேன், இப்படித்தான் வரணும்," என்று பூரித்துப்போய், தகட்டை டப்பாவில் வைத்து மூடிவிட்டு நடந்தாள்.