கடைசி இடத்துக்குப் போட்டி

“தம்பி, என்னைப் பழையபடி கடைசி இடத்துக்கே போட்டுருங்க.”

வடமதுரையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் சூசைமுத்து நேரில் வந்து இப்படிக் கேட்டதும் மோகன்குமாருக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார் மோகன்குமார். கூடவே இணையத்தில் ‘புதிர்ப் பந்தல்’ என்று ஒரு குழுவும் நடத்தினார். ஞாயிறுதோறும் சொற்புதிர்கள் போடுவார். சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் விடை அனுப்புவார்கள். வருடக் கடைசியில் தரவரிசை வெளியாகும்.

2007-ம் வருடத் தரவரிசை அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது.

“அண்ணே, ரெண்டு வருசமா நீங்கதான் கடைசி. இந்த வருசம் ஒரு படி ஏறிட்டீங்க. ‘சிறந்த முன்னேற்றம்’னு விருது வேற குடுத்திருக்கேன். சந்தோசப்படாம இப்படிக் கேக்குறீங்களே!”

“விருதெல்லாம் வேணாம் தம்பி. அந்தக் கருவாட்டு மார்க்கைக் கழிச்சிருங்க, போதும்.”

கருவாட்டு மார்க் என்பது குழுவில் பெரிய ரகளையைக் கிளப்பிய சங்கதி.

‘கூடையில் வரும், தெருவே மணக்கும். நான்கு எழுத்து.’ இதுதான் புதிர். எல்லாரும் ‘மல்லிகை’ என்று எழுத, சூசைமுத்து மட்டும் ‘கருவாடு’ என்று எழுதியிருந்தார்.

மோகன்குமார் தப்பு என்று அடித்துவிட்டார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் விடவில்லை. ‘கருவாடும் கூடையில்தானே வருகிறது? தெரு மணக்காதா?’ என்று கிளம்பினார். துபாய்க்காரர்கள் மொத்தமாக அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒரு மார்க்கில்தான் சூசைமுத்து மேலே வந்துவிட்டார்.

“போனது போகட்டும்ணே. ‘நெருப்பில் பிறக்கும், ஊதினால் பறக்கும்’னு கேட்டேன். சின்னப் பிள்ளைக்குக்கூட சாம்பல்னு தெரியும். நீங்க ‘மூக்கையா’ன்னு எழுதினீங்க. யாருண்ணே அது?”

“நம்ம டிரைவிங் ஸ்கூல்ல கார் பழகுறவரு. ஊதினாப் பறந்துருவாரு, அம்புட்டு ஒல்லி.”

“பாத்தீங்களா! விடை தெரிஞ்சுக்கிட்டே வம்பு பண்றீங்க. நாலு பேரு ஒழுங்கா ஆடுற எடத்துல உங்களுக்கு இது நக்கலாப் போச்சு. இஷ்டம் இல்லைன்னா குழுவை விட்டுப் போயிருங்க.”

சூசைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“இப்ப கடைசி யாரு தம்பி?”

“ஆயக்குடி ஆண்டிச்சாமி.”

“மூணு வருசத்துக்கு முன்னாடியும் அவருதான் கடைசி. ஞாபகம் இருக்கா? ‘இனி வரமாட்டேன்’னு குழுவுல எழுதிட்டுப் போனாரு. நீங்கெல்லாம் ‘சரி, வாழ்த்துகள்’னு போட்டீங்க.”

மோகன்குமாருக்கு மங்கலாகத்தான் ஞாபகம் வந்தது.

“எனக்கு மனசு கேக்கல. நம்பர் இருந்துச்சு, போன் போட்டேன். அவரு வீட்டம்மா எடுத்தாங்க. கொய்யாத் தோப்புக்காரரு. பக்கவாதம் வந்து, பேச்சும் எழுத்தும் தடுமாறிப் போச்சாம். டாக்டர்தான் இந்தப் புதிரெல்லாம் போடச் சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமைன்னா மனுசனுக்கு உசிரே வருமாம். கடைசின்னு பாத்ததும் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிட்டாராம்.”

“அப்புறம்?”

“‘அவரைத் திரும்ப ஆடச் சொல்லுங்கம்மா. இனிமே அவரு கடைசி வரமாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு’ன்னு எம்பேரைச் சொல்லாமலே சொல்லிட்டேன். அவருக்கும் கீழ ஒரு ஆளு வேணுமில்ல? அதான் நான் இறங்கிட்டேன். இந்த வருசம் பாழாப்போன கருவாடு காலை வாரிருச்சு.”

மோகன்குமார் கம்ப்யூட்டரில் தரவரிசையைத் திறந்தார். ‘போயிருங்க’ என்று சொன்னது இப்போது அவருக்கே உறுத்தியது.

“காலையிலதாண்ணே போட்டேன். அவரு பாத்திருக்க மாட்டாரு. இப்பவே மாத்திரலாம்.”

“பாத்திருந்தா?”

அதுவும் நியாயம்தான். ‘கூட்டலில் தப்பு நடந்துவிட்டது’ என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்து, மோகன்குமார் செல்போனில் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார். சூசைமுத்துவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“வணக்கம்ங்க, புதிர்ப் பந்தல் மோகன்குமார் பேசுறேன். தரவரிசை பாத்தீங்களா?”

“விடியக்காலையே பாத்துட்டேனுங்க. கடைசி நாந்தானுங்களே?” குரல் கொஞ்சம் குழறினாலும் உற்சாகமாக இருந்தது.

“அது வந்துங்க... கூட்டல்ல ஒரு சின்னத் தப்பு. உங்களை ஒரு இடம் மேல...”

“ஏனுங்க, அப்படிப் பண்ணிப்போடாதீங்க!” ஆண்டிச்சாமி பதறினார். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்படியே உட்டுருங்க.”

சூசைமுத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

“ஏங்க, கடைசின்னா உங்களுக்கு வருத்தம் இல்லையா?”

“கடைசி வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. அதான் சொல்றேன். இப்பெல்லாம் எனக்கு உடம்பு தேவலை, விடையெல்லாம் டக்கு டக்குன்னு வருதுங்க. ஆனா அந்த வடமதுரைக்காரரு, சூசைமுத்துன்னு ஒருத்தரு, பாவம், வருசா வருசம் கடைசியாவே வாராரு. போன வருசமே அவரைத் தூக்கிவிடலாம்னு தெரிஞ்ச விடையை எல்லாம் தப்புத் தப்பா எழுதிப் பாத்தேனுங்க. மனுசன் எனக்கும் கீழ போயிட்டாரு! இந்த வருசந்தான் எப்படியோ ஒரு மார்க்குல அவரை ஜெயிக்க வெச்சேன். அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, மனசு உட்டுப் போயிருவாரு.”