சுகர் டாக்டரின் உள் பெஞ்சு

சங்கரன்கோவில் மத்தியானம். சுகர் டாக்டரின் அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. அடுத்த மூன்று டோக்கன்காரர்களும் உள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இங்கே வழக்கம். ரகசியம் என்பது பெரிய ஊர்க்காரர்களின் வியாதி. ஸ்டூலில் தறிக்காரர் மகாராஜன் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். எட்டு மாதமாக மனைவியோடு படுக்கையில் உடம்பு அவர் சொல்பேச்சைக் கேட்பதில்லை. மூன்று தடவை அதைச் சொல்ல வந்து, மூன்று தடவையும் கால் மதமதப்பு என்று சொல்லி, அதற்கு மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். டாக்டர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்து, அதன் உள்சுவரில் பேனா மையை அப்புகிறார். "சுகர் கூடிச்சின்னா ரத்தத்துல கொழுப்பும் கூடும் அண்ணாச்சி. இப்படிப் படிஞ்சு படிஞ்சு, ரத்தம் போற வழிய அடச்சிரும்." மகாராஜன் அந்தக் குழாயையே பார்க்கிறார். ஜன்னல் வெயில் அவர் முழங்கால்வரை ஏறிவிட்டது. தொண்டையைச் செருமி, குரலைப் பாதியாகக் குறைத்து, "எல்லா எடத்துக்கும் போற வழியையுமா டாக்டர்?" என்கிறார். டாக்டர் பேனாவை மூடி வைக்கிறார். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து, அதே தணிந்த குரலில், "ஆமா, அதுக்குப் போறதையும்தான்" என்று ஆரம்பிக்கிறார். பெஞ்சு கிறீச்சிடுகிறது. மூன்று பேரும் ஒருசேர முன்னால் நகர்ந்திருக்கிறார்கள். கடைசியில் இருக்கும் பனவடலிசத்திரத்து விவசாயி கையை உயர்த்துகிறார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர், இங்கன மூணு பேருக்கும் கேக்கணும்லா."