நடுவில் ஓர் அங்குலம்

"இன்னுங் கொஞ்சம் நெருக்கி ஒட்டுங்கண்ணே" என்று அருள்ராணி கெஞ்சினாள். சந்தனராஜ் பலகையில் ஒட்டியிருந்த மூங்கில் குச்சித் தண்டவாளத்தைப் பெயர்த்து, பக்கத்துத் தண்டவாளத்தை நோக்கி நகர்த்தினான்.

அவள் புருஷன் தைரியநாதன், சந்தனராஜோடு ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை பார்த்தவன். நேற்றுக் காலை ஸ்டேஷனில் நின்ற கூட்ஸுக்கும் ஓடிவந்த பாசஞ்சருக்கும் நடுவே அடிபட்டுச் செத்தான். பார்த்தேன் என்று சொல்ல ஒருவர்கூட வரவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பு வீட்டில் கிடக்கிறது.

தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. சுவருக்கு வெளியே கள்ளிக்காட்டில்தான் குழி. "எடம் இல்லாம மாட்டிக்கிட்டான்னா விபத்து. நடுவுல ஆள் நிக்க எடம் இருந்துச்சா, காட்டு" என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பொம்மை ரயில். செத்தவனுக்கு ஆறடி மண் கொடுக்க இத்தனை விசாரணை!

சாமியார் வீட்டு மேசையில் பலகையை வைத்தார்கள். தீப்பெட்டி வண்டிகளுக்கு நடுவே ஒரு மெழுகு பொம்மை. சந்தனராஜ் யோசிக்காமல் அதன் முதுகைப் பாசஞ்சர் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

"வண்டியத் தள்ளிப் பாருங்க சாமி. எடமே இல்ல. மாட்டிக்கிட்டான், பாவம்."

சாமியார் லேசுப்பட்டவரா? ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாங்கி வந்த பிளானை விரித்து, அளவுகோலை வைத்தார்.

"நெசத்துல நடுவுல நாலடிக்கு மேல இருக்கு. அடிக்குக் கால் அங்குலம்னா இங்க ஒரு அங்குலத்துக்கு மேல வேணும். நீ அரை அங்குலந்தான் விட்டிருக்க."

அவரே குச்சியைப் பிடுங்கி, தள்ளி வைத்தார். தீப்பெட்டியைத் தள்ளினார். அது பொம்மையைத் தொடாமல் போயிற்று.

"தாராளமா நிக்கலாம். அவனாத்தான் பாஞ்சிருக்கான்" என்றார் வருத்தத்தோடு. "சட்டத்த நான் மாத்த முடியாதும்மா."

அருள்ராணி தரையில் சரிந்தாள். "எம் புள்ளைக எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்கு வரும்? அண்ணே, ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே!"

குழி வெட்ட வந்த ஆள் வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"எங்கிட்டு வெட்டணும் சாமி?"

"அங்கிட்டு... சுவருக்கு வெளிய."

மண்வெட்டியோடு அவன் திரும்பினான். சந்தனராஜ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு சாமியார் பக்கம் திரும்பி அப்படியே முழந்தாளிட்டான்.

"அவன் பாயல சாமி. நாந்தான் தள்ளிவிட்டேன்."