முதல் கரண்டி

தொற்றுக் காலத்தில், விடுதிகளில் மீந்த சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, பசித்தவர்களுக்கு அனுப்பும் கூடம் அது. எல்லோரும் மாஸ்க்கோடு நிற்க, சமையற்காரர் மட்டும் அதை இறக்கி, முகர்ந்து, ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் வண்டி கிளம்பும். விடுதி வேலை போன பிறகு, கூலியில்லாமல் உதவிக்கு வந்தவர் அவர்.

"ருசி பார்க்கிறாரா, ஒரு பிடி பிடிக்கிறாரா?" டிரைவர் முணுமுணுத்தான்.

"விடுப்பா. முந்நூறு பேர் அவர் நாக்கை நம்பித்தான் சாப்பிடுறாங்க" என்றாள் பொறுப்பாளரம்மா.

அன்றும் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "அருமையா இருக்கு, அனுப்புங்க" என்றார் சமையற்காரர்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வாந்தியோடு ஆஸ்பத்திரியில். பொறுப்பாளரம்மா ஓடிவந்து, மிச்சச் சாப்பாடு இருந்த பாத்திரத்தைத் திறந்தாள். மாஸ்க்கையும் மீறி ஊசிப்போன நாற்றம் அடித்தது.

"இதையா அண்ணே அருமைன்னீங்க?"

வயிற்றைப் பிடித்தபடி மூலையில் சுருண்டிருந்தார் சமையற்காரர். "வாசனையும் தெரியலை, ருசியும் தெரியலைம்மா. நாலு நாளாச்சு."

அவள் சட்டென்று பின்வாங்கினாள். "ஐயோ, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. இங்க வேலை செய்யறவங்க பொட்டலத்தைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சட்டம் போட்டீங்க? அந்த ரெண்டு கரண்டிதான் எனக்கு அன்னன்னைக்குச் சாப்பாடு."