மூன்றாவது சனிக்கிழமை

"அக்கா, மேடம் உங்களைக் கூப்பிடறாங்க. கையில அந்தச் சிவப்பு நோட்டு இருக்கு" என்று, சேதி பரப்புவதால் 'ரேடியோ' என்று பேர் வாங்கியிருந்த கூட்டாளி காதோரம் வந்து சொன்னாள்.

பெரியக்கா பாதி மடித்த படுக்கை விரிப்போடு அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் சலவை ஆலை அது. கூடம் முழுக்க நீராவி. அந்த வெக்கையிலும் அவளுக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது.

சிவப்பு நோட்டு என்றால் பெண்களின் லீவு நோட்டு, ஆளுக்கொரு பக்கம். மாதவிலக்குக்கென்று மாதம் ஒருநாள் லீவு உண்டு. தேதி போட்டுக் கையெழுத்து வைத்தால் போதும், ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பெரியக்கா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவளுக்கு நின்றுபோய் இரண்டு வருடமாகிறது என்பது ரேடியோ ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ரேடியோவுக்குத் தெரிந்தால் அப்புறம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

"யார்கிட்டயாவது உளறினியாடி?"

"சத்தியமா இல்லக்கா. துணி உலர்த்தறவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவளும் ரகசியம்னு சொல்லித்தான் மத்தவங்ககிட்ட சொல்லியிருப்பா."

"நல்லா இருப்படி நீ."

"நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து நோட்டைப் பார்க்க ஆள் வர்றாராம். உங்களால எங்க எல்லாருக்கும் லீவு போயிடப் போகுது. பேசாம அழுதுடுங்க."

"அழுகை வரலைன்னா?"

"வேர்வைதான் ஆறா ஓடுதே, அதைக் கண்ணுல தடவிக்குங்க."

மேனேஜர் மேடத்துக்கு ஆலையில் 'ஸ்கேல்' என்று பெயர். நிமிர்ந்த முதுகு, கோடு கிழித்த மாதிரி வகிடு, காக்காய் வந்து கடன் கேட்கும் கறுப்பில் தலைமுடி. மேஜைமேல் ஒரு குட்டி ஃபேன் அவர் முகத்தை மட்டும் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க. வயசு என்ன?"

"நாப்பத்தி..."

"ஃபைல்ல அம்பத்திமூணுன்னு இருக்கு."

"அப்ப அதுவே இருக்கட்டும் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. நோட்டில் விரலை ஓட்டினார். "இந்த மாசம் மூணாவது சனிக்கிழமை. போன மாசம் மூணாவது சனிக்கிழமை. அதுக்கு முந்தின மாசம்?"

"எனக்கு எப்பவும் டாண்ணு வந்துடும் மேடம்."

"ரயிலே இப்படி வர்றதில்லயே."

அந்த நேரம் பார்த்தா, நின்றதிலிருந்து அடிக்கடி வரும் அந்தத் தீ கிளம்ப வேண்டும்? நெஞ்சில் பற்றி, கழுத்தில் ஏறி, காதுமடல் வரை கொதித்தது. வேர்வை தாடையில் சொட்டியது. மேடம் குட்டி ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். காற்று பட்டதுதான் தாமதம், பெரியக்காவின் வாய் உண்மையைக் கொட்டிவிட்டது.

"நின்னு ரெண்டு வருஷமாச்சு மேடம். வந்துக்கிட்டிருந்தப்ப மாசத்துல ரெண்டு நாள்தான் படுத்துச்சு. நின்னப்புறம் முப்பது நாளும் படுத்துது. தூக்கம் இல்ல. முட்டி ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தா யாரோ உள்ள அடுப்பு பத்த வைக்கிறாங்க. இதுக்கு எவனும் லீவு வைக்கல. அதான் பழைய லீவையே வச்சு ஓட்டினேன்."

"சனிக்கிழமைக்கு என்ன வேண்டுதல்?"

"ஞாயிறோட சேர்த்தா ரெண்டு நாள் காலை நீட்டலாம் மேடம். ஒருநாள் நீட்டினா முட்டிக்கு நம்பிக்கையே வரமாட்டேங்குது."

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்று பெரியக்கா முடிவு செய்துகொண்டாள். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வந்த மேடம், ஆறிப்போன டீயை எடுத்தார். குடிக்கவில்லை. பெரியக்காவின் பக்கத்தின்மேல் நிதானமாக, ஓரம் விடாமல் ஊற்றினார். இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளும் மை கரைந்து ஒன்றோடொன்று கலந்தன.

"டீ கொட்டிடுச்சு" என்றார், கொட்டாத முகத்தோடு. "உங்களுக்குப் புதுப் பக்கம் போட்டுத் தரேன். இப்பவே எழுதிடுங்க."

"என்ன எழுதறது மேடம்?"

"ஒரு மாசம் நாலு நாள் முன்னாடி, ஒரு மாசம் ரெண்டு நாள் தள்ளி. நடுவுல ஒரு மாசம் வராமலே போகட்டும்."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் மறந்தே போச்சு மேடம்."

மேடம் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, அவள் முன்னால் தள்ளிவைத்தார்.

"என்னுதைப் பார்த்து எழுதுங்க. எனக்கு நின்னு ஏழு வருஷமாச்சு, ஒரு தடவையாவது சனிக்கிழமையில வந்திருக்கா பாருங்க."